விலைப்பட்டியலால் மரபை எடைபோடலாமா?

பன்றி இனவிருத்தியில் எந்தப் பண்புக்கு எவ்வளவு முக்கியத்துவம் தருவது? இந்தக் கேள்விக்கு இன்று கைவசம் ஒரு பதில் தயாராக இருக்கிறது: சந்தையைக் கேள். உயிர் எடை கிலோ என்ன விலை, தீவனம் கிலோ என்ன விலை, பால்மறந்த குட்டி என்ன விலை என்று குறித்துக்கொள். ஒவ்வொரு பண்பும் ஓர் அலகு கூடினால் எத்தனை ரூபாய் கூடும் என்று பெருக்கிப் பார். வரும் தொகைதான் அந்தப் பண்பின் பொருளாதார மதிப்பு. சந்தை எதற்குக் காசு தரவில்லையோ அதற்குச் சுழியம் போடு. திட்ட அறிக்கை எழுதுகிறவர்களும் பண்ணை ஆலோசகர்களும் மேலைநாட்டு இனங்களை விற்கிறவர்களும் இதையே சொல்கிறார்கள், கேட்கிறவர்களும் தலையாட்டுகிறார்கள்.

இந்தக் கணக்கு தவறு. தசமப் புள்ளியில் விழுந்த பிழை என்று விட்டுவிடக்கூடிய தவறாகவும் இது இல்லை. எதை அளக்கிறோம் என்பதிலேயே குழப்பம். அந்தக் குழப்பத்தின் விளைவை ஐரோப்பா ஒரு முறை அனுபவித்துவிட்டது. நாம் அதே பாடத்தை மறுபடியும் கட்டணம் கட்டிப் படிக்கத் தயாராகிறோம்.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுகிறேன். நொண்டி வாதத்தை எதிர்த்து ஜெயிப்பதில் பெருமை இல்லை. சந்தை விலைக்கு முன்பு இனவிருத்தியாளர் எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார்? கண்ணை வைத்து. கண்காட்சி மேடையில் காதின் வடிவம், முதுகின் வளைவு, தொடையின் உருட்சி ஆகியவற்றுக்குப் பரிசு கொடுத்தார்கள். பரிசு வாங்கிய பன்றி பண்ணைக்காரருக்கு லாபம் தந்ததா என்று யாரும் கேட்கவில்லை. விலை வந்த பிறகுதான் அந்த ரசனை ஆட்சி முடிந்தது. இது முதல் வாதம். இரண்டாவது, விலையை யாரும் சரிபார்க்கலாம். நிபுணரின் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. மூன்றாவதுதான் வலுவானது: எடைகளில் கொஞ்சம் பிழை இருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது என்று ஆய்வுகளே சொல்கின்றன. 1977-ல் வாண்டெபிட்டும் ஹேசலும், 1983-ல் ஸ்மித்தும் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பொருளாதார எடைகள் கணிசமாகத் தவறிப்போனாலும் தேர்வின் பலன் சொற்பமே குறைகிறது. அப்படியானால் இவ்வளவு நுணுக்கம் எதற்கு, இன்றைய விலையைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாமே?

இந்த மூன்றாவது வாதத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில், பொருளாதார மதிப்பு என்று எதைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஜே லஷ்ஷின் மாணவரான எல். என். ஹேசல் 1943-ல் ‘ஜெனிடிக்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையில்தான் கால்நடைகளுக்கான தேர்வுக் குறியீட்டின் அடித்தளம் போடப்பட்டது. அவர் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டதும் பன்றிகளைத்தான். ஒவ்வொரு பண்பிலும் ஒரு விலங்கின் மரபுத்திறனை எடுத்து, அந்தப் பண்பின் பொருளாதார மதிப்பால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் அந்த விலங்கின் மொத்தத் தகுதி கிடைக்கும். இதில் ‘பொருளாதார மதிப்பு’ என்பது அந்தப் பண்பு ஓர் அலகு முன்னேறினால் லாபம் எவ்வளவு மாறும் என்பது. விலை, வரவில் ஒரு வரி மட்டுமே. லாபம் என்பது வரவும் செலவும் சேர்ந்த முழுக் கணக்கு. ஹேசல் கேட்டது லாபத்தை. விலைப்பட்டியல்காரர்கள் பதிலாகக் கொடுப்பது விலையை.

1. எந்தப் படியிலிருந்து ஏறுகிறீர்கள்?

ஈற்றுக்கு ஒரு குட்டி கூடினால் என்ன மதிப்பு? குட்டியின் விலை 4,000 ரூபாய் என்றால் 4,000 ரூபாய் என்பார் விலைப்பட்டியல்காரர். எட்டுக் குட்டி போடும் பன்றி ஒன்பது போட்டாலும் 4,000. பதினான்கு போடும் பன்றி பதினைந்து போட்டாலும் 4,000.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு தாய்ப்பன்றியை ஓர் ஈற்றுக்குப் பராமரிக்க 25,200 ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுக் குட்டி தேறினால் ஒரு குட்டியின் தலையில் விழும் தாய்ச் செலவு 3,150 ரூபாய். ஒன்பது தேறினால் 2,800. ஆகக் குட்டிக்கு 350 ரூபாய் மிச்சம். இப்போது பதினான்கிலிருந்து பதினைந்துக்குப் போவோம். 1,800 ரூபாய் 1,680 ஆகிறது. மிச்சம் 120 ரூபாய். அதே ஒரு குட்டி, அதே தாய்ப்பன்றி. மதிப்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

இதைத் தீவன மாற்றுத்திறனோடு ஒப்பிட்டால் விபரீதம் புரியும். 30 கிலோவிலிருந்து 100 கிலோ வரை வளரும் பன்றி 70 கிலோ கூடுகிறது. ஒரு கிலோ கூடுவதற்கு 3.0 கிலோ தீவனம் தின்ற பன்றி 2.9 கிலோவில் முடித்தால் 7 கிலோ தீவனம் மிச்சம். கிலோ 30 ரூபாய் என்றால் பன்றிக்கு 210 ரூபாய். எட்டுக் குட்டி போடும் மந்தையில் ஒரு குட்டி கூடுவது (350) இந்தத் தீவன முன்னேற்றத்தை (210) விஞ்சுகிறது. பதினான்கு குட்டி போடும் மந்தையில் அது (120) இதற்குக் கீழே போய்விடுகிறது. முன்னுரிமை தலைகீழாகிறது. விலைப்பட்டியலில் ஒரு காசும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்த 4,000 ரூபாய்க்காரர் விடமாட்டார்: ‘என் தாய்ப்பன்றிக்கு ஒரு குட்டி கூடினால் என் கையில் 4,000 வருகிறதே, அது பொய்யா?’ பொய் இல்லை. ஆனால் அதில் ஒரு பகுதி மரபு முன்னேற்றத்தின் கூலி கிடையாது. லாபத்தில் ஓடும் பண்ணையில் இன்னொரு தாய்ப்பன்றியை வாங்கிக் கட்டினாலும் அந்த லாபம் வரும். அதற்கு மரபியல் எதற்கு? தாய்ப்பன்றியின் எண்ணிக்கையை நிலையாக வைத்துக் கணக்கிட்டால் ஒரு மதிப்பும், மொத்த உற்பத்தியை நிலையாக வைத்துக் கணக்கிட்டால் வேறொரு மதிப்பும் வருவதை 1973-லேயே மோவாவ் சுட்டிக்காட்டினார். 1985-ல் பிராஸ்காம்ப், ஸ்மித், கை ஆகியோரும், மறு ஆண்டு ஸ்மித், ஜேம்ஸ், பிராஸ்காம்ப் ஆகியோரும் முடிச்சை அவிழ்த்தார்கள். பண்ணையைப் பெரிதாக்கினாலே கிடைக்கக்கூடிய லாபத்தை மரபின் கணக்கில் எழுதக் கூடாது. நியாயமான லாபத்தையும் ஒரு செலவாக வைத்துச் சமன்பாட்டைப் போட்டால், எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் பண்புகளின் ஒப்பீட்டு மதிப்பு ஒன்றாகவே வரும். நாற்பது ஆண்டுக்கு முன் முடிந்த விவாதம் இது. அதைப் படிக்காமல்தான் இன்றும் திட்ட அறிக்கைகள் எழுதப்படுகின்றன.

2. ஒரே ரூபாயை எத்தனை முறை எண்ணுவீர்கள்?

நாளொன்றுக்கு 700 கிராம் வளரும் பன்றி 70 கிலோ கூட 100 நாள் எடுக்கும். 770 கிராம் வளர்ந்தால் 91 நாளில் முடிந்துவிடும். மிச்சமாகும் ஒன்பது நாளின் தீவனத்தை வளர்ச்சி வேகத்தின் மதிப்பில் சேர்க்கிறார்கள். அடுத்த வரியில் தீவன மாற்றுத்திறன் என்று எழுதி, அங்கேயும் அதே தீவனத்தைச் சேர்க்கிறார்கள். வேகமாக வளரும் பன்றிக்கு மாற்றுத்திறன் நன்றாக இருப்பதற்கே ஒரு காரணம், குறைந்த நாள் உயிரோடு இருப்பதால் உடலைப் பராமரிக்கச் செலவாகும் தீவனம் குறைவது. ஆக ஒரே தீவனத்துக்கு இரண்டு ரசீது.

ஒரு பண்பின் மதிப்பைக் கணக்கிடும்போது குறியீட்டில் உள்ள மற்றப் பண்புகளை அசையாமல் நிறுத்திவைக்க வேண்டும். பண்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து நகர்வதைக் கவனித்துக்கொள்ளக் குறியீட்டில் மரபு ஒட்டுறவு என்ற தனி உறுப்பு இருக்கிறது. மாற்றுத்திறனை நிறுத்திவைத்தால் வளர்ச்சி வேகத்துக்கு மிஞ்சுவது ஒன்பது நாள் கொட்டில் இடம், ஆள் கூலி, முடங்கிய பணத்துக்கு வட்டி. பாதிக் கொட்டில் காலியாகக் கிடக்கும் பண்ணையில் அந்த இடத்துக்கும் பெரிய மதிப்பில்லை. விலைப்பட்டியல் முறை வளர்ச்சி வேகத்தைத் தூக்கிப் பிடிப்பது இந்த இரட்டை எண்ணிக்கையால்தான். பருத்து, சீக்கிரம் எடை கூடும் பன்றியைப் பார்த்தால் கண்ணுக்கும் நிறைவாக இருக்கிறது என்பது உபகாரணம். கண்காட்சி மேடையை ஒழித்துவிட்டோம் என்றவர்கள் இதை யோசிக்கலாம்.

3. யாருடைய பண்ணை?

மேலே சொன்ன 210 ரூபாயை எடுத்துக்கொண்டு சென்னையைச் சுற்றியோ கேரளத்திலோ உள்ள வெண்பன்றிப் பண்ணைகளுக்குப் போங்கள். அவற்றில் பலவற்றில் அடர்தீவனம் கிடையாது. ஹோட்டல் கழிவும் காய்கறிக் கழிவும் வண்டியில் வந்து இறங்குகின்றன. அங்கே தீவனத்தின் விலை என்பது வண்டி வாடகையும் அள்ளிக் கொட்டும் ஆளின் கூலியும். ஏழு கிலோ மிச்சமாவதில் பண்ணைக்காரருக்கு என்ன வந்தது? அவருக்கு வேண்டியது நீர்த்த, பருமனான கழிவை வயிறு கொள்ள நிறையத் தின்று எடை கூடும் பன்றி. ஆனால் கொழுப்பில்லா இறைச்சிக்கும் மாற்றுத்திறனுக்கும் தொடர்ந்து தேர்ந்தெடுத்தால் பன்றியின் பசி குறைகிறது என்பது இத்துறையில் நெடுநாளாகத் தெரிந்த விஷயம். அடர்தீவனப் பண்ணையின் மதிப்புகளைக் கழிவுத்தீவனப் பண்ணையில் பொருத்துகிறவர், பண்ணைக்காரருக்கு வேண்டிய பண்புக்கு எதிர்த்திசையில் தேர்வு செய்கிறார்.

வடகிழக்குக்குப் போனால் கதை இன்னும் மாறுகிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருந்த பன்றிகள் சுமார் 90.6 லட்சம், அதில் அசாமில் மட்டும் சுமார் 21 லட்சம். நாட்டின் பன்றிப் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசுகிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. அங்கே வீட்டுக்கு இரண்டு மூன்று பன்றி. தீவனம் சமையலறை மிச்சம், தவிடு, சேம்பு, அரிசிக் கள் வடித்த சக்கை. வாங்குகிறவர் கறுப்புத் தோலைக் கேட்கிறார். கொழுப்பு படிந்த இறைச்சியைக் கேட்கிறார். குவாகாத்தி அருகே ராணியில் உள்ள தேசியப் பன்றி ஆராய்ச்சி மையம் ஹாம்ப்ஷயரையும் குங்ரூவையும் கலந்து உருவாக்கிய கலப்பினத்துக்கு ‘ராணி’ என்றே பெயர். இரண்டுமே கறுப்புப் பன்றிகள். ஹாம்ப்ஷயருக்குத் தோளில் வெள்ளைப் பட்டை இருக்கும், அவ்வளவுதான். முதுகுக் கொழுப்பு ஒரு மில்லிமீட்டர் கூடுவது டென்மார்க்கில் நஷ்டம். கொழுப்புக் கறியை விரும்பி வாங்கும் மலைச்சந்தையில் அதுவே லாபமாக இருக்கக்கூடும். பண்பு ஒன்று, அலகு ஒன்று. கூட்டல் கழித்தல் குறியே மாறுகிறது. எந்த விலைப்பட்டியலை எடுத்து ‘இந்தியப் பன்றியின் பொருளாதார மதிப்பு’ என்று தலைப்புப் போடுவீர்கள்?

4. சுழியம் நடுநிலையா?

இந்த முறையின் ஆகப்பெரிய கேடு இங்கேதான் இருக்கிறது. சந்தை காசு தராத பண்புக்குச் சுழியம் போட்டால் அந்தப் பண்பு இருந்த இடத்தில் இருக்கும் என்று நினைக்கிறார்கள். இருக்காது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் பண்போடு மரபு ஒட்டுறவு இருந்தால் அது தானாக நகரும். பாதகமான திசையிலும் நகரும். சுழியம் போடுவது ‘எனக்கு இதில் கருத்தில்லை’ என்று சொல்வது ஆகாது. ‘இது எவ்வளவு கெட்டாலும் எனக்குக் கவலையில்லை’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது.

பெல்ஜியத்தின் பியெத்ரான் இனம் இதற்குச் சாட்சி. அந்தப் பெயர் கொண்ட கிராமத்திலிருந்து கிளம்பி, 1950-களுக்குப் பிறகு ஐரோப்பாவெங்கும் பரவிய பன்றி. தொடையும் இடுப்பும் மல்யுத்த வீரனுக்கு இருப்பதுபோலப் புடைத்திருக்கும். இறைச்சிக்கூடங்கள் கொழுப்பில்லா இறைச்சியின் சதவீதத்தைப் பார்த்து விலை கொடுத்தன. அந்த விலைப்படி பியெத்ரானுக்கு நிகர் இல்லை. ஆனால் லாரியில் ஏற்றினால் செத்தது. வெயிலில் ஓட்டினால் செத்தது. சாகாமல் இறைச்சிக்கூடம் போய்ச் சேர்ந்தவற்றின் இறைச்சி பல வேளைகளில் வெளிறி, தொளதொளத்து, நீர் கசிந்தது. 1970-களில் ஹாலோத்தேன் மயக்க வாயுவை முகமூடி வழியாகக் குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனை வந்தது. பாதிப்புள்ள குட்டிக்குக் கால்கள் விறைத்துக்கொள்ளும். 1991-ல் ஃபூஜியும் கனடாவைச் சேர்ந்த அவருடைய சகாக்களும் மூலகாரணத்தைக் கண்டுபிடித்து ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள்: தசையில் கால்சியத்தைத் திறந்துவிடும் ரையனோடின் ஏற்பியின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. லாரியில் செத்ததற்குக் காரணம் அந்த ஓர் எழுத்துதான்; தசை பெருத்ததிலும் அதற்குப் பங்கு உண்டு.

விலைப்பட்டியல் முறை இந்த மரபணுவை எப்படி எடைபோட்டிருக்கும்? தசைக்கு விலை உண்டு, எனவே ஏற்று. அழுத்தம் தாங்கும் குணத்துக்கு விலை இல்லை, எனவே சுழியம். பல பத்தாண்டுகள் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். தசையைத் தேர்ந்தெடுக்கத் தேர்ந்தெடுக்க அந்த மரபணு மந்தைக்குள் பெருகியது. நஷ்டம் இல்லாமல் போனதா? இல்லை. வண்டிக்காரர் கணக்கிலும், நீர் வடிந்து எடை குறைந்த கறியை விற்ற கடைக்காரர் கணக்கிலும், பதப்படுத்தும் ஆலையின் கணக்கிலும் அது எழுதப்பட்டது. இனவிருத்தியாளரின் பேரேட்டில் அது வராததால் அவருடைய குறியீட்டிலும் வரவில்லை. சோதனை கைக்கு வந்த பிறகு பல நிறுவனங்கள் அந்த மரபணுவைத் தங்கள் வழிகளிலிருந்து களைந்தன. லியேஜ் பல்கலைக்கழகம் பியெத்ரானிலேயே அழுத்தம் தாங்கும் ஒரு வழியை உருவாக்கியது. அதற்கு ஆன உழைப்பையும் காலத்தையும் பியெத்ரானின் தசைக்குக் கிடைத்த விலையில் கழித்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை.

ஹாம்ப்ஷயரிலும் இதே கதை வேறு வேடத்தில் நடந்தது. ஆர்என் என்று அழைக்கப்படும் மரபணு மாற்றம் தசையில் சர்க்கரைச் சேமிப்பைக் கூட்டுகிறது; அறுத்த பிறகு இறைச்சி புளித்து, வேகவைத்துத் தயாரிக்கும் ஹாமின் எடை குறைகிறது. காரணமான மரபணு 2000-ல் அடையாளம் காணப்பட்டது. பன்றியை உயிர் எடைக்கு விற்கிறவருக்கு இதில் ஒரு பைசா நஷ்டம் கிடையாது.

இன்னொன்று. ‘விலையில்லாப் பண்பு’ என்று ஒதுக்கப்படுவனவற்றில் பாதிக்கு உண்மையில் விலை உண்டு. அது வேறு பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கால் பலமில்லாத தாய்ப்பன்றி இரண்டாவது மூன்றாவது ஈற்றிலேயே கழிக்கப்படுகிறது. அவளை வளர்த்த செலவு ஐந்தாறு ஈற்றில் பரவ வேண்டியது, இரண்டு மூன்றில் பரவுகிறது. கால் பலத்துக்குச் சந்தையில் விலை இல்லைதான். ஆனால் மாற்றுப்பன்றி வாங்கிய செலவு என்று ஒரு வரி ஒவ்வொரு பண்ணைக் கணக்கிலும் இருக்கிறது. 1989-ல் நெதர்லாந்தின் டி விரீஸ் பன்றிப் பண்புகளின் பொருளாதார மதிப்பைக் கணிக்க ஒரு மாதிரியை வெளியிட்டபோது தாய்ப்பன்றியின் செலவையும் கொழுக்கும் பன்றியின் செலவையும் தனித்தனியாகப் பிரித்துக் கட்டியதன் பயன் இதுதான்: சந்தை காட்டாததைப் பண்ணையின் கணக்குப் புத்தகம் காட்டும். பக்கத்தைப் புரட்டிப் பார்க்கச் சோம்பல்பட்டுச் சுழியம் போடுவதற்குப் பெயர் புறநிலைத்தன்மை இல்லை.

5. எந்த ஆண்டின் விலை?

இன்று மூலமந்தையில் தேர்ந்தெடுக்கும் ஆண்பன்றியின் மரபு, பெருக்கும் மந்தை வழியாகப் பண்ணைக்காரரின் தாய்ப்பன்றிக்குப் போய், அவளுடைய குட்டி கொழுத்து விற்பனைக்கு வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அதன் பிறகும் அந்த மரபு மந்தையில் நிற்கும். இன்றைய விலை, விற்பனை நடக்கும் நாளின் விலையைப் பற்றி என்ன சொல்கிறது? சீனாவில் 2018 ஆகஸ்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நுழைந்தது. 2019 நவம்பரில் அங்கே பன்றி இறைச்சி விலை முந்தைய ஆண்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. 2021-ல் சரிந்து விழுந்தது. 2019 விலையை வைத்துக் குறியீடு போட்டவர் யாருக்காகப் போட்டார்?

மெல்ல நகரும் மாற்றங்கள் இதைவிட ஆபத்தானவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பன்றிக் கொழுப்பு சமையலுக்கும் சோப்புக்கும் விலைபோனது. கொழுப்புக்கென்றே வளர்க்கப்பட்ட இனங்கள் இருந்தன. தாவர எண்ணெய் வந்தது, சலவைத்தூள் வந்தது. சொத்தாக இருந்த கொழுப்பு சுமையாகிவிட்டது. மாறாக, நாளை மதிப்பு பெறப்போகும் பண்பு இன்று சுழியமாகத் தெரியலாம். விதையடிக்காத ஆண்பன்றியின் இறைச்சியில் வீசும் வாடை ஒரு மரபுப் பண்பு. எல்லா ஆண்குட்டிகளுக்கும் விதையடிக்கிற நாட்டில் அந்த வாடையைக் குறைப்பதற்கு மதிப்பே இல்லை. 2010-ல் ஐரோப்பியத் தொழில்துறையினர் 2018 ஜனவரிக்குள் அறுவைமுறை விதையடிப்பைத் தாமாகவே நிறுத்துவதாக அறிவித்தார்கள், நிறுத்தவில்லை. ஆனால் ஜெர்மனி 2021 ஜனவரி 1 முதல் மயக்கமருந்து இல்லாத விதையடிப்புக்குத் தடை போட்டுவிட்டது. ஒரே சட்டத்தில் அந்தப் பண்பின் மதிப்பு சுழியத்திலிருந்து எழுந்து நிற்கிறது. விலைப்பட்டியல் இதை முன்கூட்டிச் சொல்லுமா? நாளேட்டைப் படிக்கிறவர் சொல்லியிருப்பார்.

6. ‘பிழை இருந்தாலும் பரவாயில்லை’

இப்போது எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். வாண்டெபிட், ஹேசல், ஸ்மித் சொன்னதை நான் மறுக்கவில்லை. தீவனத்துக்கு 210 ரூபாய்க்குப் பதில் 250 ரூபாய் போட்டால் தேர்வு பெரிதாகக் கெடாது, சரிதான். ஆனால் அந்த ஆய்வுகளை மேற்கோள் காட்டுகிறவர்கள் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மீதிப் பாதி என்ன சொல்கிறது? ஒரு முக்கியமான பண்பு குறியீட்டிலிருந்தே விடுபட்டாலோ, ஒரு பண்பின் எடையில் கூட்டல் கழித்தல் குறி தலைகீழானாலோ இழப்பு பெரிது.

விலைப்பட்டியல் முறை செய்யும் பிழைகள் எந்த வகை? விலையில்லாப் பண்பை விட்டுவிடுவது அதன் அடிப்படை விதி. கொழுப்பையும் பசியையும் வேறு பண்ணையின் குறியோடு இறக்குமதி செய்வது அதன் அன்றாட நடைமுறை. ஆய்வுகள் மன்னிக்கும் பிழைகளை இந்த முறை செய்வதில்லை; மன்னிக்காத இரண்டையும் தவறாமல் செய்கிறது. அந்த ஆய்வுகள் இவர்களுக்குக் கேடயமாக இல்லை, குற்றப்பத்திரிகையாக இருக்கின்றன.

டென்மார்க்கில் நடந்ததைப் பாருங்கள். 1907-லேயே பன்றிகளின் சந்ததிச் சோதனையைத் தொடங்கிவிட்ட நாடு அது. கணக்குத் தெரியாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 1990-களின் தொடக்கத்தில் ஈற்றளவைத் தங்கள் குறியீட்டில் சேர்த்தார்கள்: பிறந்த குட்டிகளின் மொத்த எண்ணிக்கை. குட்டிக்கு விலை உண்டு, எனவே அதிகம் பிறந்தால் அதிக லாபம் என்பதே தர்க்கம். அதிகம் பிறந்தன, அதிகம் செத்தன. 2004-ல் அந்தப் பண்பை மாற்றினார்கள். பிறந்தவற்றை எண்ணாமல், ஐந்தாம் நாள் உயிரோடு இருப்பவற்றை எண்ணினார்கள். அதன் பின் மூலமந்தைகளில் ஈற்றளவும் கூடியது, குட்டிச் சாவும் குறைந்தது. டேனிஷ் குட்டிகளின் இறப்பு இன்னும் அங்கே சூடான விவாதம்தான். பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. சொல்ல வருவது வேறு. எடையைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி அவர்கள் அதைச் சரிசெய்யவில்லை. எதை அளக்கிறோம் என்பதையே மாற்றினார்கள். எந்த விலைப்பட்டியலும் அந்த மாற்றத்தைச் செய்யச் சொல்லியிருக்காது. சந்தை வாங்குவது பால்மறந்த குட்டியை. ஐந்தாம் நாள் குட்டிக்குச் சந்தையே கிடையாது.

‘அப்படியானால் மறுபடியும் நிபுணரின் ரசனைதானா?’ என்று கேட்பார்கள். கிடையாது. லாபச் சமன்பாட்டை முழுமையாக எழுதுங்கள்: தாய்ப்பன்றிச் செலவு, தீவனம், இடம், சாவு, கழிப்பு என எல்லாம் அதில் வரட்டும். எந்தச் செலவையும் ஒட்ட முடியாத பண்புகளுக்கு, குறைந்தபட்சம் கெடாமல் காக்கும் கட்டுப்பாட்டைக் குறியீட்டிலேயே போடலாம். கெம்ப்தோர்னும் நார்ட்ஸ்காகும் 1959-லேயே அதற்கான முறையைக் கொடுத்துவிட்டார்கள். இதில் மனிதத் தீர்ப்பு கலந்திருக்கிறது, உண்மை. சுழியம் போடுவதும் மனிதத் தீர்ப்புதான். ஒன்று தன் அனுமானத்தைக் காகிதத்தில் எழுதி எல்லோரும் பார்க்க வைக்கிறது. மற்றது விலையின் பின்னால் ஒளித்துவைக்கிறது.

இங்கே பன்றிப் பண்ணை தொடங்குகிறவர்கள் இன்று பெரும்பாலும் அச்சிட்ட குறியீட்டு எண்களோடுதான் வெளிநாட்டு இன ஆண்பன்றியையோ விந்தையோ வாங்குகிறார்கள். வாங்குமுன் விற்பவரிடம் இவற்றைக் கேளுங்கள்: இந்த எடைகள் எந்தத் தீவனத்துக்குப் போடப்பட்டவை? ஈற்றுக்கு எத்தனை குட்டி உள்ள மந்தைக்கு? எந்த ஆண்டின் விலைக்கு? எந்தப் பண்புகள் விடப்பட்டன, அவை எந்தத் திசையில் நகர்ந்திருக்கின்றன? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத குறியீட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.